சார்லா போகிறவர்களுக்கு: ஊரைக் காலையில் பாருங்கள், பகலை ஆற்றுக்குக் கொடுங்கள்

பிரான்சில் இருக்கும் சார்லாவுக்கு நான் முதல் தடவை போனது ஓர் ஆகஸ்ட் மாதம், அதுவும் பகல் பதினொன்றரை மணிக்கு. கார் நிறுத்த இடம் தேடி முக்கால் மணி நேரம், அப்புறம் தோளோடு தோள் உரசும் கூட்டத்தில் ஒரு மணி நேரம், வெயில் வேறு மண்டையைப் பிளந்தது, இரண்டேகாலுக்குச் சாப்பிடப் போனால் அடுப்பை அணைத்துவிட்டோம் என்றார்கள். இதற்கா இவ்வளவு பேச்சு என்று முணுமுணுத்துக்கொண்டே திரும்பினேன். பிறகு ஒரு ஜூன் மாதம் போய், ஊருக்குள்ளேயே தங்கி, காலை ஏழரைக்கு ஆளில்லாத தெருவில் நடந்தபோதுதான் நான் செய்த தப்பு புரிந்தது. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஊரைக் காலையிலும் இரவிலும் பாருங்கள், பகல் முழுக்க வெளியே ஆற்றங்கரையில் இருங்கள். இதை மட்டும் சரியாகச் செய்தால் மற்றதெல்லாம் சின்னத் தவறுகள்தான்.

சார்லா தென்மேற்குப் பிரான்சில், தொர்தோன் மாவட்டத்தில் இருக்கும் சின்ன ஊர். பத்தாயிரம் பேர்கூட இல்லை. இந்தப் பகுதியைப் பெரிகோர் நுவார் என்பார்கள், கறுப்புப் பெரிகோர் என்று பொருள். அடர்ந்து இருண்ட ஓக் காடுகளால் வந்த பெயர். ஊருக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் தொர்தோன் ஆறு வளைந்து வளைந்து மேற்கே போகிறது, கரையில் பாறைக்கு ஒரு கோட்டை. வடக்கே வெசேர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஆதிமனிதர்கள் ஓவியம் தீட்டிய குகைகள். நான்கு முழு நாள் இருந்தால் இரண்டையும் பார்க்கலாம். இரண்டு நாள்தான் என்றால் ஆற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், குகைகளை இன்னொரு தடவைக்கு வையுங்கள்.

எப்போது, எப்படிப் போவது

மே, ஜூன், செப்டம்பர். ஜூலை, ஆகஸ்ட்டில் பிரான்சு முழுக்க விடுமுறை, பாதி ஐரோப்பா இங்கேதான் இருக்கும், வெப்ப அலை வந்தால் 40 டிகிரியைத் தொடும், நம் ஊர் வெயில் பழகியவர்களுக்கும் மின்விசிறி இல்லாத கல்வீட்டு மாடியறை லேசான விஷயமில்லை. குளிர்காலத்தில் படகுக்காரர்கள் கடையைக் கட்டிவிடுவார்கள், பல இடங்கள் மூடியிருக்கும்.

பாரிசிலிருந்து இரண்டு வழி. மோன்பர்னாஸ் நிலையத்தில் அதிவேக ரயில் ஏறினால் போர்தோ இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல்; அங்கே மாறி, பெர்ழராக் வழியாக வரும் வட்டார ரயிலில் இரண்டரை மணிக்கு மேல், சார்லாதான் கடைசி நிலையம். இந்த ரயில் தொர்தோனைப் பல முறை தாண்டி வரும், சன்னல் ஓரம் கிடைத்தால் தூங்காதீர்கள். இன்னொன்று, ஓஸ்தர்லிட்ஸ் நிலையத்திலிருந்து லிமோஜ் வழியாக சூயாக். சுமார் ஐந்து மணி நேரம், ஆனால் அங்கிருந்து சார்லாவுக்கு இன்னும் முப்பது கிலோமீட்டர் இருக்கிறது, பேருந்தைப் பார்த்து வைத்துக்கொள்ளாமல் இறங்கினால் டாக்சிக்குத்தான் கொடுக்க வேண்டும். சார்லா ரயில் நிலையம் பழைய ஊருக்குத் தெற்கே, பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தால் இருபது நிமிடம்.

கார் வேண்டுமா? உண்மையைச் சொன்னால், வேண்டும். பேருந்துகள் பெரும்பாலும் பள்ளிக்கூட நேரத்துக்குத்தான் ஓடுகின்றன. கார் எடுப்பவர்கள் கியர் மாற்றத் தெரியாது என்றால் தானியங்கிக் காரை வாரக்கணக்கில் முன்பே சொல்லி வையுங்கள், இங்கே அது குறைவு. இந்திய உரிமத்தோடு வருபவர்கள் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் எடுத்து வர வேண்டும். அப்புறம், கிராமத்துச் சந்திப்புகளில் பலகை எதுவும் இல்லையென்றால் வலப்பக்கச் சந்திலிருந்து வருபவருக்குத்தான் முன்னுரிமை; நீங்கள் போவது அகலச் சாலை, அவர் வருவது மாட்டுவண்டிப் பாதை மாதிரி இருந்தாலும் சரி. முதல் நாளே இதை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

தங்குமிடம்

பழைய ஊருக்குள், அல்லது நடக்கும் தூரத்தில். கிராமத்தில் நீச்சல்குளத்தோடு வீடு என்று படம் பார்த்து மயங்குவார்கள், தப்பில்லை, குடும்பமாக வந்தால் அதுவே மலிவு. ஆனால் காலையும் இரவும் ஊருக்குள் இருக்கும் வாய்ப்பு போய்விடும். ‘ழீத்’ எனப்படும் வாடகை வீடுகள் கோடையில் பெரும்பாலும் சனி முதல் சனி வரை, வாரக்கணக்கில்தான் கிடைக்கும். படுக்கை விரிப்பு, துண்டு சேர்த்தியா, துப்புரவுக் கட்டணம் தனியா என்று கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள். பாரிசிலிருந்து வருபவர்கள் அங்கே தமிழ்க் கடைகள் இருக்கும் லா ஷப்பேல் கடைத்தெருவில் அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொள்வது நல்லது. ஏன் என்று சாப்பாட்டுப் பகுதியில் தெரியும்.

காலை ஏழரை மணி நடை

சந்தை இல்லாத நாளில் போங்கள். தேன் நிறச் சுண்ணாம்புக்கல் சுவர்கள், தட்டைக் கல்லையே ஓடாக அடுக்கிய செங்குத்துக் கூரைகள், சந்துக்குள் சந்து. நடுவே நேர்க்கோடாக ஓடும் ரிபப்ளிக் தெரு 19-ஆம் நூற்றாண்டில் ஊரைப் பிளந்து போட்டது, அதை வைத்தே வழி கண்டுபிடிக்கலாம். கிழக்குப் பாதியில்தான் பெரிய மாளிகைகள். பேராலயத்துக்கு எதிரே எழுத்தாளர் எத்தியென் த லா போயெசி 1530-இல் பிறந்த வீடு, சன்னல் சட்டங்களில் இருக்கும் சிற்ப வேலைக்காகவே ஐந்து நிமிடம் நிற்கலாம். பேராலயத்தின் பின்னால் துப்பாக்கிக் குண்டு மாதிரி ஒரு கூம்புக் கல் கோபுரம் இருக்கிறது, 12-ஆம் நூற்றாண்டினது, ‘இறந்தவர்களின் விளக்கு’ என்று பெயர், எதற்காகக் கட்டினார்கள் என்று இன்றும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மேற்குப் பாதிக்கு யாரும் போவதில்லை. நீங்கள் போங்கள், பூனைகளும் துணி காயப்போடும் பாட்டிகளும்தான் இருப்பார்கள்.

இந்த ஊர் இப்படி முழுசாக நிற்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஐம்பது, அறுபதுகளில் இதுவும் இடிந்து விழுந்துகொண்டிருந்த ஊர்தான். பண்பாட்டு அமைச்சராக இருந்த ஆந்த்ரே மால்ரோ 1962-இல் பழைய நகரப் பகுதிகளைப் பாதுகாக்கும் சட்டம் கொண்டுவந்தார், அதன்படி முதலில் சீரமைக்கத் தொடங்கிய இடங்களில் சார்லாவும் ஒன்று. இதே மால்ரோதான் மறு ஆண்டு, ஆதிமனிதர் ஓவியங்கள் இருக்கும் லாஸ்கோ குகையை மூடினார். ஒன்றைத் திறந்துவிட்டு இன்னொன்றைப் பூட்டிய கை என்று எனக்குத் தோன்றும். அந்தக் குகைக் கதையைக் கீழே சொல்கிறேன்.

சந்தை புதன், சனி காலை. சனிக்கிழமைதான் பெரியது, ஊர் முழுக்கப் பரவிவிடும். ஒன்பதுக்கு முன்னால் போய்விடுங்கள். பெரிகோர் ஸ்ட்ராபெர்ரி, கபேக்கூ என்ற உள்ளங்கை அளவு ஆட்டுப்பால் சீஸ், வால்நட் ரொட்டி: மதியச் சாப்பாடு தீர்ந்தது. கடைக்காரரிடம் விலை கேட்கும் முன் ‘போன்ஜூர்’ சொல்ல வேண்டும். சும்மா நாகரிகத்துக்குச் சொல்வதாக நினைக்காதீர்கள், அதைச் சொல்லாமல் கையை நீட்டிக் கேட்டால் முகம் மாறிவிடும், சொன்னால் ஒரு பழம் கூடவே விழும். சாந்த் மரி என்ற பழைய தேவாலயத்துக்குள் ஒரு சந்தைக்கூடமும் இருக்கிறது. அதன் வாசலுக்குக் கட்டடக் கலைஞர் ழான் நுவெல், இந்த ஊரில் வளர்ந்தவர், இரண்டு மாபெரும் இரும்புக் கதவுகள் வைத்தார். சிலருக்கு அது கண்ணில் குத்தும், எனக்குப் பிடிக்கும். பக்கத்துச் சதுக்கத்தில் மூன்று வெண்கலப் பெருவாத்துகள் நிற்கின்றன, குழந்தைகள் அவற்றின் மேல் ஏறி ஏறி முதுகு பளபளத்துப் போயிருக்கிறது.

ஆறு: இதற்கு ஒரு முழு நாள்

கோட்டைகளைச் சாலையிலிருந்து பார்ப்பதும் தண்ணீரிலிருந்து பார்ப்பதும் ஒன்றல்ல. கட்டியவர்கள் ஆற்றில் வருபவன் மிரள வேண்டும் என்றுதான் கட்டினார்கள். எனவே துடுப்புப் படகு எடுங்கள். அனுபவம் தேவையில்லை, கோடையில் தண்ணீர் மெதுவாகத்தான் ஓடும், பெரும்பாலான இடங்களில் அடியில் கூழாங்கல் தெரியும். ஆனால் நீச்சல் தெரிந்திருக்க வேண்டும், லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றக் கூடாது, சின்னக் குழந்தைகளை, பொதுவாக 5 வயதுக்குக் கீழே, ஏற்ற மாட்டார்கள். வசந்த காலத்தில் மழை பெய்து ஆறு பெருகியிருந்தால் அன்றைக்கு விடமாட்டார்கள், சண்டை போடாதீர்கள்.

சார்லாவிலிருந்து ஏழு கிலோமீட்டரில் வித்ராக். அங்கே ஏறி பெய்னாக்கில் இறங்குவதுதான் என் தேர்வு. சாப்பிட, குளிக்க நிறுத்திப் போனால் நாலு, ஐந்து மணி நேரம் ஆகும். பாதி நாள்தான் இருக்கிறது என்றால் செனாக்கில் ஏறுங்கள். படகு வாடகைக்கு விடுபவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: வேன் முதலிலா, கடைசியிலா? முதலிலேயே மேலே கொண்டுபோய் விட்டு, நம் கார் நிற்கும் இடத்தில் வந்து முடியும்படி வைப்பவரைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் இறங்கிய பிறகு ஈரத் துணியோடு வேனுக்காகக் காத்திருக்க வேண்டும், அதற்குள் குழந்தைகள் அழத் தொடங்கும். காலை ஒன்பதரைக்குக் கிளம்பினால் ஆறு உங்களுடையது, பதினொன்றுக்கு மேல் பிளாஸ்டிக் படகுகளின் ஊர்வலம்.

தொப்பி, ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், வார் வைத்த செருப்பு. போன், சாவியை வைக்க மூடி போட்ட பிளாஸ்டிக் பீப்பாய் தருவார்கள், அதைப் படகோடு கட்டுங்கள். நான் ரப்பர் செருப்பில் போனேன். ஒரு மணல்திட்டில் இறங்கும்போது ஒன்று கழன்று போர்தோவை நோக்கிப் போனது. முன்காலத்தில் இந்த வழியாகத்தான் ‘கபார்’ என்ற தட்டையடிப் படகுகளில் பீப்பாய் செய்ய ஓக் மரமும் திராட்சைக் கொடிக்குக் கொம்பும் கீழே போகும். மேல் ஆற்றுக்காரர்கள் சரக்கை இறக்கியதும் படகையே உடைத்து விறகாக விற்றுவிட்டு நடந்து ஊர் திரும்புவார்களாம். நானும் ஒற்றைக் காலில் செருப்போடு நடந்தேன், என்ன செய்ய.

போகும்போது இடப்பக்கம் உயரத்தில் தொம். 1281-இல் பிலிப் மூன்றாம் மன்னர் கட்டிய மதில் சூழ்ந்த ஊர். ஆற்றிலிருந்து ஒன்றும் தெரியாது, சாயங்காலம் காரில் ஏறி அங்கிருந்து கீழே பார்ப்பதுதான் அழகு. அடுத்து வலப்பக்கம் லா ரோக் கஜாக், பாறையோடு ஒட்டிய ஒற்றை வரிசை வீடுகள், தெற்கு வெயில் விழுவதால் பனையும் வாழையும் வளர்கிற ஊர். வாழையைப் பார்த்ததும் நமக்கு ஒரு சந்தோஷம் வரத்தான் செய்யும். அந்த அழகான பாறை 1957 சனவரியில் பெயர்ந்து விழுந்து வீடுகளை நசுக்கியது, மூன்று பேர் இறந்தார்கள். துடுப்புப் போட முடியாத பெரியவர்கள் கூட இருந்தால் அவர்களை இங்கே சுற்றுலாக் கபாரில் ஏற்றிவிடுங்கள், ஒரு மணி நேரச் சுற்று, இதுவும் குறைவில்லை.

ஒரு வளைவு தாண்டியதும் இடப்பக்கம் காஸ்தெல்நோ, இன்னும் கொஞ்சம் போனால் வலப்பக்கக் குன்றின் உச்சியில் பெய்னாக். நூறாண்டுப் போரில் முதலாவது பெரும்பாலும் ஆங்கிலேயர் பக்கம், இரண்டாவது பிரெஞ்சு மன்னர் பக்கம். ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றதைப் படகில் நடுவில் இருக்கும்போதுதான் உணர முடியும். இரண்டிலும் ஏறிப் பார்க்க நேரமில்லை என்றால்? பிள்ளைகள் இருந்தால் காஸ்தெல்நோ, உள்ளே போர்க்கருவி அருங்காட்சியகம், வெளியே ஆள் உயரத்தைப் போல் பல மடங்கு பெரிய கல்லெறி பொறிகள். பிள்ளைகள் இல்லையென்றால் பெய்னாக், காலியான கல் அறைகள், கீழே ஆறு. பெய்னாக்கில் கரையிலிருந்து கோட்டைக்கு ஏறும் தெரு மிகச் செங்குத்து, முட்டிவலிக்காரர்கள் காரில் மேல் வழியாகப் போகலாம்.

ஆற்றங்கரையில் இன்னும் இரண்டு

மர்கெய்சாக் தோட்டம் பாறை முகட்டில் இருக்கிறது. 1,50,000 பாக்ஸ்வுட் செடிகளைக் கையாலேயே கத்தரித்து உருண்டை உருண்டையாக வைத்திருக்கிறார்கள், ஆறு கிலோமீட்டர் நடைபாதை, கடைசி முகப்பில் நின்றால் லா ரோக் கஜாக்கும் காஸ்தெல்நோவும் பெய்னாக்கும் ஒரே பார்வையில். ஜூலை, ஆகஸ்ட் வியாழன் இரவுகளில் மெழுகுவத்தி ஏற்றுவார்கள்.

இன்னொன்று மிலாந்து. ஜோசஃபின் பேக்கரின் வீடு. அமெரிக்காவில் பிறந்து பாரிசு மேடைகளை ஆண்ட கறுப்பினக் கலைஞர், இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சு எதிர்ப்பு இயக்கத்துக்கு உளவு வேலை செய்தவர். உலகின் பல பக்கங்களிலிருந்து பன்னிரண்டு குழந்தைகளைத் தத்தெடுத்து இங்கே வளர்த்தார். கடன் முற்றி 1969-இல் இந்த வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டார். 2021-இல் பாரிசில், நாட்டின் பெரியோரைக் கௌரவிக்கும் பாந்தியோன் நினைவாலயத்தில் அவருக்கு இடம் கொடுத்தார்கள். அவர் மேடை உடைகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் பருந்து பறக்கவிடும் காட்சி இருக்கும், எனக்கு அதில் மனம் செல்லவில்லை, பிள்ளைகள் விடமாட்டார்கள்.

குகைகள்

லாஸ்கோ என்றால் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, அசல் குகையா? இல்லை. 1940 செப்டம்பர் 12 அன்று பக்கத்து ஊர்ப் பையன்கள் கண்டுபிடித்தார்கள், 1948-இல் மக்களுக்குத் திறந்தார்கள், பார்க்க வந்த கூட்டத்தின் மூச்சுக்காற்றிலேயே சுவரில் பாசி படர்ந்தது, 1963-இல் மால்ரோ மூடினார். நீங்கள் பார்ப்பது சார்லாவுக்கு வடக்கே 25 கிலோமீட்டரில், மோந்தின்யாக்கில், 2016-இல் திறந்த முழு நகல். நகல்தானே என்று விடாதீர்கள், பாறையின் மேடு பள்ளம் வரை எடுத்திருக்கிறார்கள், அந்த மேட்டைக் காளையின் தோளாக ஓவியன் பயன்படுத்தியிருப்பது தெரியும்போது நகல் என்பது மறந்துபோகும். நேரம் குறித்த சீட்டுதான், கோடையில் நாட்களுக்கு முன்பே வாங்குங்கள்.

அசல்தான் வேண்டும் என்பவர்களுக்கு லே செய்சி ஊரில் ஃபோன் த கோம். வண்ணத்தில் தீட்டிய காட்டெருமைகள், அசல். நாளுக்குச் சில பத்துப் பேரைத்தான் விடுவார்கள். பயணத் தேதி முடிவானதும் முதலில் இதற்குத்தான் முயல வேண்டும், விமானச் சீட்டுக்கு அடுத்தது இதுதான். கிடைக்கவில்லையா, ரூஃபின்யாக் போங்கள். அங்கே மின்ரயில் பெட்டியில் உட்காரவைத்துக் குகைக்குள் கொண்டுபோகிறார்கள், கூரை முழுக்க மாமூத் யானைக் கோட்டோவியங்கள், தாத்தா பாட்டிக்கும் ஏற்றது. எந்தக் குகையானாலும் உள்ளே 13 டிகிரி அளவில்தான் இருக்கும், வெளியே 35 என்றாலும் ஸ்வெட்டர் கையில் இருக்கட்டும்.

நடை, சைக்கிள்

சார்லாவின் தெற்கு ஓரத்தில் தொடங்கும் பழைய ரயில் பாதையைச் சைக்கிள் பாதையாக்கியிருக்கிறார்கள், கார்சாக் வழியாக ஆற்றுப் பக்கம் போகும். ரயில் போன பாதை என்பதால் ஏற்றம் பெரிதாக இல்லை, கார் தொல்லையும் இல்லை. காட்டு நடைப்பாதைகளில் மஞ்சள் கோடு உள்ளூர்ச் சுற்று, வெள்ளை சிவப்பு இரட்டைக் கோடு நெடுந்தூரப் பாதை, பெருக்கல் குறி பார்த்தால் அது உங்கள் வழி இல்லை, திரும்புங்கள். இலையுதிர் காலம் முதல் குளிர்காலக் கடைசி வரை வேட்டைக்காலம். கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு மேற்சட்டை ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், பழுப்பு நிறத் துணி வேண்டாம். புல்லுக்குள் போய் வந்த அன்று இரவு முட்டி மடிப்பு, அக்குள், பிள்ளைகளின் காதுக்குப் பின்னால் உண்ணி கடித்திருக்கிறதா பாருங்கள். மருந்துக்கடையில் அதைத் திருகி எடுக்கச் சின்னக் கொக்கி விற்கிறார்கள், நசுக்கிப் பிடுங்காதீர்கள். ஏதாவது ஆபத்து என்றால் 112.

சாப்பாடு

மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை, இரவு ஏழு அல்லது ஏழரைக்கு மேல். இடையில் பசித்தால் பேக்கரிதான், அதற்கும் வாரம் ஒரு நாள் விடுமுறை. இது வாத்து நாடு. சைவர்களே, கவனம்: பச்சைக் காய்கறித் தட்டு என்று வருவதில் வாத்தின் இரைப்பை கிடக்கும், பூண்டும் பார்ஸ்லியும் போட்டு வதக்கிய சார்லா உருளைக்கிழங்கு, பார்த்தால் நம் வீட்டு வறுவல் போலவே இருக்கும், வாத்துக் கொழுப்பில்தான் வதங்குகிறது. ‘சான் க்ரேஸ் த கனார்’ என்று கேளுங்கள், வாத்துக் கொழுப்பு இல்லாமல் என்று பொருள். சிலர் சரி என்பார்கள், சிலர் உங்களைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். அசைவம் சாப்பிடுபவர்கள், வாத்துக் காலை அதன் கொழுப்பிலேயே மெதுவாக வேகவைத்த கோன்ஃபியை விட்டுவிடாதீர்கள்.

ஜூலை, ஆகஸ்ட்டில் கிராமந்தோறும் வாரம் ஒரு நாள் இரவுச் சந்தை நடக்கும், நீள மேசைகள், பாட்டு, ஆளாளுக்கு விரும்பிய கடையில் வாங்கி வந்து உட்காருவார்கள். தட்டு, கரண்டி, குவளை நாமே கொண்டுபோக வேண்டும். இது தெரியாமல் நானும் மனைவியும் அட்டைப்பெட்டி மூடியில் சாப்பிட்டோம். பக்கத்து மேசை அம்மா இரண்டு முள்கரண்டி இரவல் கொடுத்தார், கிளம்பும்போது மறக்காமல் திரும்ப வாங்கிக்கொண்டார்.

அப்புறம் ஊருக்குத் திரும்புங்கள். பத்து மணிக்கு மேல் சார்லாவின் பழைய தெருக்களில் விளக்கு எரியும், பகல் கூட்டம் போயிருக்கும். காலையில் நடந்த அதே சந்துகளில் இன்னொரு சுற்று.

வாங்கிப்போக ஒன்றே ஒன்று: வால்நட் எண்ணெய், சின்னப் புட்டி. விமானத்தில் போகிறவர்கள் அதைப் பெரிய பெட்டியில் போடுங்கள், கைப்பையில் விடமாட்டார்கள். திறந்தபின் ஃபிரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள், தாளிக்க எடுக்காதீர்கள், சூடு பட்டால் கசந்துபோகும்.